துணைக்கு வந்தவன்தான் மூத்தவன்! – காம்ப்ளிமென்ட்டின் கதை

கொரோனா வந்த 2020-க்குப் பிறகு 'ஆன்டிபாடி' என்ற சொல் டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களில் பலர், உடம்பில் எவ்வளவு ஆன்டிபாடி ஊறியிருக்கிறது என்று லேப்பில் இரத்தம் கொடுத்துப் பார்த்துக்கொண்டார்கள். பாடப்புத்தகத்தில் இதற்கு எதிர்ப்பொருள் என்று பெயர்.

ஆனால் ஒரு சின்ன விஷயம். எதிர்ப்பொருள் பொதுவாகத் தன் கையால் எந்தக் கிருமியையும் கொல்வதில்லை. தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். (அப்படி ஒட்டிக்கொள்வதாலேயே சில நச்சுகளும் வைரஸ்களும் செயலிழந்துபோவது உண்டு.) பாக்டீரியாவின் மேல்சவ்வில் ஓட்டை போட்டு அதை ஒரேயடியாக முடிப்பது, இரத்தத்தில் எப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும் வேறொரு புரதக் கூட்டம். அதற்குத்தான் காம்ப்ளிமென்ட் என்று பெயர். 'குறையை நிரப்புவது' என்று பொருள். அதாவது எதிர்ப்பொருள் முதலாளி, இது எடுபிடி!

இந்தப் பெயர் சூட்டப்பட்டது 1899-இல். அந்தப் பெயர் தவறு என்று உறுதிப்பட எழுபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. நடுவில் அதைச் சொன்ன ஒரு மனிதர் நம்பப்படாமலே செத்தும் போனார். அந்தக் கதைதான் இது.

கதை ஜெர்மனியில் ஆரம்பிக்கிறது. 1880-களில் மருத்துவ உலகம் இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்றது. கிருமியிடமிருந்து உடலைக் காப்பது எது என்பதுதான் வழக்கு. இரத்தத்தில் உள்ள உயிரணுக்களா, அல்லது அந்த உயிரணுக்கள் மிதக்கும் நீரா?

உயிரணுக் கட்சிக்குத் தலைவர் ரஷ்யரான இலியா மெச்னிகோவ். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில், கண்ணாடி போல் உள்ளே தெரியும் நட்சத்திர மீன் குஞ்சுகளுக்குள் ரோஜா முள்ளைக் குத்திவைத்தார். மறுநாள் காலையில் பார்த்தால் முள்ளைச் சுற்றி நகரும் உயிரணுக்கள் கூட்டமாக வந்து மொய்த்திருந்தன. உடலுக்குள் வரும் அந்நியனை விழுங்கப் படை இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார். பிற்பாடு பாரிஸ் பாஸ்டர் ஆய்வகத்தில் போய் அமர்ந்துகொண்டார். (இந்த நட்சத்திர மீனை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதன் சொந்தக்காரர் ஒருவர் வருவார்.)

நீர்க் கட்சிக்குக் கோட்டை ஜெர்மனி. 1888-இல் ஜார்ஜ் நட்டால் என்ற இளைஞர், உயிரணுக்கள் விழுங்காமலே இரத்தம் ஆந்த்ராக்ஸ் கிருமியைக் கொல்கிறது என்று காட்டினார். அடுத்து மியூனிக்கில் ஹான்ஸ் புக்னர், உயிரணுக்களே இல்லாத வெறும் சீரமும் கொல்கிறது என்று காட்டி, அதில் இருக்கும் பொருளுக்கு 'அலெக்சின்' என்று பெயர் வைத்தார். கிரேக்க மொழியில் 'விரட்டுவது' என்ற பொருளில் பிறந்த சொல். அதன் ஒரு குணத்தை இருவருமே கவனித்திருந்தார்கள். சுமார் 55 டிகிரிக்குச் சூடு காட்டினால் அந்தச் சக்தி போய்விடுகிறது. டீ குடிக்கும் சூட்டை விடக் குறைவுதான்! இந்த 55 டிகிரி கதை முழுக்க வரும்.

அதற்குள் பெரிய வெடி ஒன்று வெடித்தது. 1890 டிசம்பர். பெர்லினில் ராபர்ட் காக்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த எமில் பெரிங்கும் ஜப்பானியரான கிடசாட்டோ ஷிபாசாபுரோவும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். இரணஜன்னிக்கு எதிராகப் பழக்கப்படுத்திய முயலின் சீரத்தை எடுத்து, எந்தப் பழக்கமும் இல்லாத சுண்டெலிக்கு ஊசி போட்டார்கள். அதன்பின் எலிக்கு இரணஜன்னிக் கிருமியைக் கொடுத்தாலும் எலி சாகவில்லை. சீரம் போடாத எலிகள் செத்தன. பாதுகாப்பு என்பது ஓர் உடலிலிருந்து இன்னோர் உடலுக்குப் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கக்கூடிய ஒன்று என்று தெரிந்தது! அடுத்த வருடமே பால் எர்லிக் தன் கட்டுரை ஒன்றில் 'எதிர்ப்பொருள்' என்ற சொல்லைப் பயன்படுத்தினார்.

சில வருடங்களிலேயே, தொண்டை அடைப்பான் நோய்க்குக் குதிரைச் சீரம் மருந்தாக வந்தது. மூச்சுக்குழலை அடைத்துக் குழந்தைகளைக் கொன்றுகொண்டிருந்த நோய் அது. பாரிஸில் எமில் ரூ 1894-இல் அந்தச் சீரத்தைப் போட்டபோது, குழந்தைகள் மருத்துவமனையில் சாவு விகிதம் ஏறத்தாழப் பாதியாக இறங்கியது. 1901-இல் மருத்துவத்துக்கான முதல் நோபல் பரிசு பெரிங்குக்குப் போனது. கிடசாட்டோவுக்குக் கிடைக்கவில்லை. சேர்ந்து செய்த வேலைக்கு ஒருவருக்கு மட்டும் பரிசு என்ற வழக்கம் முதல் வருடத்திலேயே தொடங்கிவிட்டது போலும்!

எதிர்ப்பொருள் இப்படி ஒரே நாளில் கதாநாயகன் ஆகிவிட்டது. புக்னரின் அலெக்சின் ஓரத்தில் நின்றது.

அடுத்த காட்சிக்குக் காரணம் காலரா. 1892-இல் ஹாம்பர்க் நகரில் மட்டும் எட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களைக் காலரா கொண்டுபோயிருந்தது. காக்கின் சீடர் ரிச்சர்ட் ஃபைஃபர் அந்தக் கிருமியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். 1894-இல் அவர் ஒரு விசித்திரத்தைக் கண்டார். காலராவுக்குப் பழக்கப்பட்ட கினிப்பன்றியின் வயிற்றுக்குள் காலராக் கிருமிகளைச் செலுத்திவிட்டு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சொட்டு நீரை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தார். துள்ளி ஓடிக்கொண்டிருந்த கிருமிகள் முதலில் நின்றன. பிறகு உருண்டு திரண்டன. பிறகு சர்க்கரை மாதிரிக் கரைந்தே போயின!

சரி, அதே சீரத்தைச் சோதனைக் குழாயில் ஊற்றிக் கிருமியைப் போட்டால்? ஒன்றும் ஆகவில்லை. அதே சீரத்தையும் கிருமியையும் சேர்த்து, காலராவையே அறியாத ஒரு கினிப்பன்றியின் வயிற்றுக்குள் விட்டால்? மீண்டும் கரைந்தன. உயிருள்ள உடலுக்குள் மட்டுமே நடக்கும் மாயம் இது என்று ஃபைஃபர் நினைத்தார்.

இந்த மாயத்தை உடைத்தவர் ஜூல் போர்டே. பெல்ஜியத்தில் பிறந்தவர். 1894-இல் பாரிஸுக்கு வந்து மெச்னிகோவின் ஆய்வகத்தில் சேர்ந்தார். 1895-இல் அவருக்கு 25 வயது. கல்லூரி முடித்துச் சில வருடமே ஆன பையன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போர்டே செய்த சோதனையை இன்றைக்கும் எந்தக் கல்லூரி லேப்பிலும் புரிய வைக்கலாம். அவ்வளவு எளிமை. பழக்கப்பட்ட விலங்கின் சீரத்தைப் புதிதாக எடுத்துக் குழாயில் விட்டார். கிருமிகள் கரைந்தன. ஆக உயிருள்ள உடல் தேவையில்லை, சீரம் புதிதாக இருந்தால் போதும். அடுத்து அதே சீரத்தை 55 டிகிரிக்குச் சூடாக்கினார். கரைக்கும் சக்தி போய்விட்டது. அடுத்ததுதான் முக்கியம். சூட்டில் செத்துப்போன அந்தச் சீரத்தோடு, காலராவே பார்த்திராத சாதாரண விலங்கின் புதுச் சீரம் கொஞ்சம் சேர்த்தார். அந்தப் புதுச் சீரம் தனியாக அந்தக் கிருமிகளைக் கரைக்காது. சூடான சீரமும் தனியாகக் கரைக்காது. இரண்டும் சேர்ந்ததும் கிருமிகள் கரைந்தன!

இதிலிருந்து போர்டே என்ன முடிவுக்கு வந்தார்? சீரத்தில் இரண்டு பொருள்கள் உள்ளன. ஒன்று சூட்டைத் தாங்கும். பழக்கப்பட்ட விலங்கில் மட்டும் இருக்கும், ஒரு குறிப்பிட்ட கிருமியை மட்டும் அடையாளம் காணும். அது எதிர்ப்பொருள். இன்னொன்று சூட்டைத் தாங்காது. பிறந்ததிலிருந்தே எல்லா உடலிலும் இருக்கும், எந்தக் கிருமி என்று பார்க்காது. அது புக்னரின் அலெக்சின். முதலாவது ஆளைக் காட்டிக் கொடுக்கிறது, இரண்டாவது அடிக்கிறது. ஃபைஃபரின் குழாயில் ஒன்றும் நடக்காததற்குக் காரணம், வைத்திருந்த பழைய சீரத்தில் இரண்டாவது பொருள் செத்துப்போயிருந்ததுதான்.

வேடிக்கையைப் பாருங்கள். 'எல்லாம் உயிரணுதான்' என்று மேசையைத் தட்டிய மெச்னிகோவின் ஆய்வகத்திலேயே, நீர்க் கட்சிக்கு இதைவிட வலுவான ஆதாரம் எதுவும் இல்லை என்னும்படி ஒரு சோதனை நடந்தது! குருவும் அதைத் தடுக்கவில்லை. அந்த அளவில் மெச்னிகோவ் பெரிய மனிதர்தான்.

1898-இல் போர்டே இன்னும் ஓர் அடி போனார். கிருமிக்குப் பதிலாக முயலின் சிவப்பணுக்களைக் கினிப்பன்றிக்கு ஊசி போட்டார். கினிப்பன்றியின் சீரம் முயலின் சிவப்பணுக்களைக் கரைக்க ஆரம்பித்தது. அதே இரண்டு பொருள், அதே 55 டிகிரி. ஆனால் இங்கே ஒரு பெரிய வசதி. கலங்கலாக இருக்கும் சிவப்புக் குழாய், அணுக்கள் உடைந்ததும் ரூஹ் அஃப்சா ஊற்றிய தண்ணீர் மாதிரித் தெளிந்துவிடும். நுண்ணோக்கியே வேண்டாம், கண்ணால் பார்த்தாலே போதும்.

இந்தச் சிவப்பணுச் சோதனையைக் கையில் எடுத்துக்கொண்டவர் பால் எர்லிக். அவரும் மோர்கன்ராத்தும் 1899-இல் எழுதத் தொடங்கிய கட்டுரைகளில் அலெக்சினின் பெயரை மாற்றினார்கள். எதிர்ப்பொருளின் வேலையை நிறைவு செய்வதால் அதற்கு 'காம்ப்ளிமென்ட்'. எர்லிக்கின் கணக்குப்படி எதிர்ப்பொருளுக்கு இரண்டு கை. ஒரு கை கிருமியைப் பிடிக்கும், மறு கை காம்ப்ளிமென்ட்டைப் பிடிக்கும். காம்ப்ளிமென்ட் ஒன்றல்ல, பல என்றும் அவர் சொன்னார்.

போர்டேவுக்கு இது பிடிக்கவே இல்லை. சாயம் ஏறாத துணியில் முதலில் படிகாரம் ஏற்றுவது போல எதிர்ப்பொருள் கிருமியைப் பக்குவப்படுத்துகிறது, அவ்வளவுதான். எந்த எதிர்ப்பொருள் வந்தாலும் அலெக்சின் ஒன்றேதான் என்றார். இருவரும் ஆண்டுக்கணக்கில் கட்டுரைச் சண்டை போட்டார்கள். யார் சொன்னது சரி? இரண்டு கை விஷயத்தில் எர்லிக். எல்லா எதிர்ப்பொருளுக்கும் ஒரே காம்ப்ளிமென்ட்தான் என்பதில் போர்டே. பெயர் விஷயத்தில் மட்டும் எர்லிக் ஜெயித்து எல்லோரும் தோற்றார்கள் என்று சொல்லலாம். அலெக்சின் என்ற பெயரில் ஒரு சுதந்திரம் இருந்தது. விரட்டும் வேலை அதனுடையது. காம்ப்ளிமென்ட் என்றதும் அது எதிர்ப்பொருள் கூப்பிட்டால் மட்டும் வரும் ஆளாகிவிட்டது. அந்த எண்ணம் அடுத்த அரை நூற்றாண்டுக்கு மாணவர்கள் தலையில் ஆணி அடித்தாற்போல் இறங்கிவிட்டது.

இதற்கிடையில் லண்டனில் ஆல்ம்ராத் ரைட் 1903-இல் இரண்டு கட்சிக்கும் சமாதானம் பேசினார். சீரம் கிருமியின் மேல் எதையோ பூசுகிறது, பூசியதை வெள்ளையணு ஆசையாக விழுங்குகிறது என்றார். அந்தப் பூச்சுக்கு அவர் வைத்த பெயர் 'ஆப்சனின்'. கிரேக்கத்தில் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளும் பதார்த்தம் என்று பொருள் தரும் சொல்லிலிருந்து வந்தது. சுருக்கமாக, இட்லிக்குச் சட்னி! இந்தச் சட்னியில் பெரும்பங்கு காம்ப்ளிமென்ட் என்பது பிறகு தெரிந்தது. 1908 நோபல் பரிசை மெச்னிகோவுக்கும் எர்லிக்கிற்கும் பாதிப் பாதியாகக் கொடுத்தார்கள். போர்டேவுக்கு 1919-ஆம் ஆண்டுக்கான பரிசு கிடைத்தது.

போர்டேவின் கண்டுபிடிப்பால் சாதாரண மக்களுக்கு என்ன வந்தது என்று கேட்டால், ஒரு இரத்தப் பரிசோதனை வந்தது. 1901-இல் அவரும் ஜாங்குவும் கண்டது இது. நோயாளியின் சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால், அது தன் இரையோடு சேரும்போது காம்ப்ளிமென்ட்டைச் செலவழித்துவிடும். பிறகு அதே குழாயில் சிவப்பணுக்களைப் போட்டால் கரைக்க ஆளில்லை. சிவப்பணு கரையாமல் அடியில் தங்கினால் நோய் உண்டு, கரைந்தால் நோய் இல்லை. 1906-இல் வாசர்மேனும் அவர் கூட்டாளிகளும் இதை மேகநோய்க்குப் பயன்படுத்தினார்கள். உலகம் முழுவதும் பரவிய பரிசோதனை இது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் 1930-களிலிருந்து கல்யாணத்துக்கு முன் மேகநோய்க்கு இரத்தப் பரிசோதனை கட்டாயமாக்கப்பட்டது. இங்கே கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் விடிஆர்எல் பரிசோதனை, வாசர்மேன் சோதனையில் கண்டுபிடித்த அதே எதிர்ப்பொருளைத்தான் தேடுகிறது. காம்ப்ளிமென்ட்டை மட்டும் கழற்றிவிட்டார்கள்.

சரி, காம்ப்ளிமென்ட் என்பது ஒரே பொருளா? இல்லை என்று 1907-இல் இத்தாலியரான ஃபெராட்டா காட்டினார். சீரத்தை இரண்டாகப் பிரித்தால் எந்தப் பாதியும் தனியாக வேலை செய்யவில்லை. அப்புறம் மூன்றாவது ஒன்று அகப்பட்டது. அதைக் காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? நாகப்பாம்பு! நாக விஷம் சீரத்தில் ஒரு பகுதியை மட்டும் காலி செய்துவிடுகிறது. ஈஸ்டும் அதையே செய்தது. 1920-களில் அம்மோனியாவைக் கலந்தபோது நான்காவது ஒன்று தெரிந்தது. கண்டுபிடித்த வரிசையில் எண் கொடுத்ததால் வந்த வினை, இன்றுவரை மாணவர்கள் அனுபவிக்கிறார்கள். இவை வேலை செய்யும் வரிசை சி1, சி4, சி2, சி3. தேர்வில் சி1, சி2, சி3, சி4 என்று எழுதினால் மார்க் போச்சு!

இப்போது அட்லாண்டிக்கைத் தாண்டி அமெரிக்காவுக்குப் போக வேண்டும். கிளீவ்லாந்தில் வெஸ்டர்ன் ரிசர்வ் பல்கலைக்கழகத்தில் லூயி பில்லமர் என்ற வேதியியலாளர் இருந்தார். 1908-இல் தென்னாப்பிரிக்காவில் பிறந்து, சிறு வயதிலேயே அமெரிக்கா வந்தவர். சீரப் புரதங்களைத் தூய்மையாகப் பிரிப்பதில் கைதேர்ந்தவர். அவர் மனதை அரித்தது அந்த ஈஸ்ட் விஷயம்தான். ஈஸ்டின் மேலோட்டிலிருந்து எடுத்த சைமோசான் என்ற தூளைச் சீரத்தில் போட்டால் சி3 காலியாகிறது. ஆனால் சி1, சி4, சி2 அப்படியே இருக்கின்றன. முதல் மூன்று பேரும் அசையாமலிருக்க நான்காவது ஆள் மட்டும் எப்படி எழுந்து போகிறான்?

பில்லமர் சூட்டை மாற்றிப் பார்த்தார். உடல் சூடான 37 டிகிரியில் சைமோசான் சி3-ஐக் காலி செய்தது. 17 டிகிரியில் செய்யவில்லை. ஆனால் 17 டிகிரியில் ஒருமுறை சைமோசானைப் போட்டு எடுத்துவிட்ட சீரத்தில், பிறகு 37 டிகிரியில் புதிதாகச் சைமோசான் போட்டாலும் சி3 காலியாகவில்லை! அப்படியானால் குளிரில் சைமோசானோடு ஏதோ ஒன்று ஒட்டிக்கொண்டு வெளியே போய்விட்டது. அந்த ஏதோ ஒன்றுதான் சி3-ஐக் கிளப்பிவிடும் ஆள். அதற்கு அவர் 'ப்ராபெர்டின்' என்று பெயர் வைத்தார். 'அழிக்க ஆயத்தமாவது' என்ற பொருள் வரும்படி லத்தீனிலிருந்து எடுத்த பெயர்.

1954 ஆகஸ்டில் 'சயன்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. சொன்ன செய்தி பெரியது. எதிர்ப்பொருளே இல்லாமல், எந்தக் கிருமியையும் முன்பின் பார்க்காமல், இரத்தம் தானாகவே தாக்குதலைத் தொடங்க முடியும். அதாவது எடுபிடிக்குச் சொந்தமாகவே கை கால் உண்டு! செய்தித்தாள்களும் பத்திரிகைகளும் கொண்டாடின. ஆய்வகத்தில் அடங்க வேண்டிய விஷயம் ஊர்ப் பேச்சானது.

1956-இல் பில்லமரின் குழு இன்னொன்றும் கண்டது. பி.என்.எச். என்ற அரிய நோய் ஒன்று இருக்கிறது. நோயாளியின் சிவப்பணுக்கள் இரத்தத்திலேயே உடைந்து, காலையில் சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போகும். 1930-களின் இறுதியிலேயே தாமஸ் ஹாம் என்ற மருத்துவர், இதில் சிவப்பணுவை உடைப்பது காம்ப்ளிமென்ட்தான் என்று காட்டியிருந்தார். ஆனால் காட்டிக் கொடுக்கும் எதிர்ப்பொருளைக் காணவில்லை. இந்த அணுக்களை உடைப்பதில் ப்ராபெர்டினுக்குப் பங்கு உண்டு என்று பில்லமரின் குழு எழுதியது.

எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்களின் வாதத்தையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். ஈஸ்டும் பாக்டீரியாவும் எங்கும் இருக்கின்றன. ஆகவே எல்லோர் சீரத்திலும் அவற்றுக்கு எதிரான எதிர்ப்பொருள் கொஞ்சமாவது இருக்கும். குளிரில் சைமோசானோடு ஒட்டிக்கொண்டு போனது அந்த எதிர்ப்பொருளாகவே இருக்கலாமே! புதிதாக ஒரு புரதம் எதற்கு? ராபர்ட் நெல்சன் இதை விரிவாக எழுதினார். பில்லமரிடம் இருந்த ப்ராபெர்டின் முழுத்தூய்மையானது அல்ல. 1950-களின் கருவிகளை வைத்துக்கொண்டு 'இது எதிர்ப்பொருள் இல்லை' என்று அடித்துச் சொல்ல அவரால் முடியவில்லை. நெல்சன் வில்லன் இல்லை. கேட்க வேண்டிய கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் கேள்வி எழுந்ததுமே மற்றவர்கள் அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொண்டதுதான் கொடுமை. எதிர்ப்பொருள் இல்லாமல் காம்ப்ளிமென்ட்டா, பெயரிலேயே துணை என்று இருக்கிறதே!

நெல்சனின் கட்டுரை 1958-இல் அச்சில் வந்தபோது பதில் சொல்லப் பில்லமர் இல்லை. 1957 ஆகஸ்ட் 31 அன்று, பார்பிச்சுரேட் என்ற தூக்க மருந்து அளவுக்கு மீறி உட்சென்றதால் அவர் இறந்துபோனார். வயது 49.

ப்ராபெர்டின் பேச்சு அடங்கிவிட்டது. அதைப் பற்றி ஆராய்வது கௌரவக் குறைச்சல் என்ற நிலை. விடாமல் பிடித்துக்கொண்டவர் இர்வின் லெப்போ. பில்லமரிடம் படித்தவர். 1968-இல் அவரும் பழைய சகாக்களும் ப்ராபெர்டினை மிகத் தூய்மையாகப் பிரித்துக் காட்டினார்கள். அது எதிர்ப்பொருள் அல்ல, தனியான ஒரு புரதம்! அடுத்து, பிறவியிலேயே சி4 இல்லாத கினிப்பன்றிகள் கிடைத்தன. எர்லிக் காலத்து வழி அவற்றில் அடைபட்டிருக்க வேண்டும். ஆனால் சைமோசான் போன்றவற்றைப் போட்டதும் அவற்றின் சீரத்தில் சி3-உம் அதற்குப் பின்னால் உள்ளவையும் செலவாயின. வேறு பாதை இருக்கிறது! 1971-இல் கோட்சேயும் மியூல்லர்-எபர்ஹார்டும் அந்தப் பாதையின் இன்னொரு புரதத்தைப் பிரித்தார்கள். இன்று அதன் பெயர் ஃபேக்டர் பி. சூட்டில் கெட்டுப்போகும் ஓர் உறுப்பு வேண்டும் என்று பில்லமரின் குழு எழுதிவைத்திருந்தது இதுவேதான்.

இன்றைய அறிவின்படி நடப்பது இது. எதிர்ப்பொருள் ஒரு ஒய் வடிவப் புரதம். 1959-இலிருந்து ராட்னி போர்ட்டரும் ஜெரால்டு எடல்மேனும் தனித்தனியே அதைத் துண்டு போட்டுப் பார்த்து, 1972-இல் நோபல் வாங்கினார்கள். மேலே உள்ள இரு கைகள் கிருமியைப் பிடிக்கும். கீழே உள்ள தண்டைச் சி1 பிடிக்கும். சி1-இன் ஒரு பகுதி, ஆறு மொட்டுகள் கொண்ட பூங்கொத்து மாதிரி இருக்கும். ஒரே ஓர் ஐஜிஜி எதிர்ப்பொருள் இருந்தால் அது கண்டுகொள்ளாது. பக்கத்தில் பக்கத்தில் ஒட்டியிருக்க வேண்டும். இரத்தத்தில் தனியாக மிதக்கும் கோடிக்கணக்கான எதிர்ப்பொருள்களைப் பார்த்து அது வெறிகொள்ளாமல் இருப்பது இதனால்தான். பிறகு சி4, சி2, சி3 என்று ஒன்று அடுத்ததை வெட்டி எழுப்பும். வெட்டுப்பட்ட சி3 கிருமியின் மேல் பூச்சாக ஏறும் (ரைட்டின் சட்னி!). கடைசியில் சி5 முதல் சி9 வரை சேர்ந்து சவ்வில் குழாய் மாதிரி ஓட்டை போடும். அகலம், மில்லிமீட்டரில் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு. 1964-இலேயே மின்னணு நுண்ணோக்கியில் சிவப்பணுக்களின் மேல் அந்த ஓட்டைகளைப் படம் பிடித்துவிட்டார்கள்.

பில்லமரின் பாதைக்கு எந்த அழைப்பும் வேண்டாம். சி3 இரத்தத்தில் எந்நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே பிரிந்து, பக்கத்தில் கிடைத்த பரப்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. நம் அணுவாக இருந்தால் அதன் மேல் உள்ள காவல் புரதங்கள் உடனே பிடுங்கி எறிந்துவிடும். கிருமியிடம் அந்தக் காவல் இல்லை. அங்கே ஃபேக்டர் பி வந்து சேர, ப்ராபெர்டின் க்ளிப் போட்டாற்போல் இரண்டையும் இறுக்கிப் பிடிக்க, ஒரு சி3 பத்தாகி, பத்து நூறாகும். எதிர்ப்பொருள் வழியாகத் தொடங்கிய தாக்குதலைக்கூடப் பெருக்கிக் கொடுப்பது இந்தப் பாதைதான். கிருமியின் சர்க்கரைப் பூச்சைப் பார்த்துத் தொடங்கும் மூன்றாவது பாதையும் பிற்பாடு தெரியவந்தது.

எர்லிக் வைத்த பெயர் எவ்வளவு தலைகீழானது என்பது 1990-களில் தெரிந்தது. எதிர்ப்பொருள் தாடையுள்ள முதுகெலும்பிகளிடம் மட்டுமே உண்டு. ஆனால் கடல் முள்ளெலியிடம் சி3-உம் ஃபேக்டர் பி-உம் இருந்தன! எதிர்ப்பொருள் என்ற ஒன்று பூமியில் தோன்றுவதற்கு முன்பே காம்ப்ளிமென்ட் இருந்திருக்கிறது. அழைத்ததும் துணைக்கு வந்தவன் என்று நினைத்தது வீட்டின் மூத்த பிள்ளையை! கடல் முள்ளெலி யார் என்கிறீர்களா? மெச்னிகோவ் முள் குத்தினாரே, அந்த நட்சத்திர மீனின் நெருங்கிய உறவு.

மூத்த பிள்ளைக்குக் கோபம் அதிகம் என்பதையும் சொல்ல வேண்டும். சி5 முதல் சி9 வரை ஏதாவது ஒன்று பிறவியில் இல்லாதவர்களுக்கு மூளைக்காய்ச்சல் உண்டாக்கும் மெனிங்கோகாக்கஸ் திரும்பத் திரும்ப வருகிறது. காவல் புரதங்கள் இல்லாவிட்டாலோ நிலைமை நேர் எதிர். பி.என்.எச். நோயாளிகளின் பிரச்சினை அதுதான். அவர்களின் சிவப்பணுக்களின் மேல் இரண்டு காவல் புரதங்கள் இல்லை. தானாக வந்து ஒட்டும் சி3-ஐப் பிடுங்கி எறிய ஆளில்லாமல், சொந்த இரத்தத்தையே காம்ப்ளிமென்ட் ஓட்டை போட்டுக் கொல்கிறது. ஹாம் தேடிய எதிர்ப்பொருள் கிடைக்காததற்குக் காரணம், அப்படி ஒன்று அங்கே இல்லவே இல்லை.

இந்த நோய்க்கு எகுலிசுமேப் என்ற மருந்தை 2007-இல் அமெரிக்கா அனுமதித்தது. அது சி5-ஐப் பிடித்து நிறுத்தும் ஓர் எதிர்ப்பொருள்! நூறு வருடமாகக் காம்ப்ளிமென்ட்டை ஏவிவிடுகிறது என்று படித்த எதிர்ப்பொருளைக் கொண்டே அதன் கையைக் கட்டினார்கள். ஆனால் சி5 முடங்கினால் மெனிங்கோகாக்கஸ் உள்ளே வரும் என்பதால், மருந்து தொடங்குமுன் அதற்குத் தடுப்பூசி போட்டாக வேண்டும். 2023 டிசம்பரில் அதே நோய்க்கு இன்னொரு மருந்து அனுமதி பெற்றது. பெயர் இப்டகோபான். ஊசி இல்லை, வாயால் விழுங்கும் மாத்திரை. அது பிடித்து நிறுத்துவது ஃபேக்டர் பி-யை, பில்லமரின் பாதையிலேயே.